வரைபடத்தில் இல்லாத லயம்

1

இந்தக் கதையைச் சிவகௌரி எனக்கு நானுஓயா ரயில் நிலையத்தில் சொன்னார். “எழுதுங்கோ. ஆனால் என்னை நல்லவளாக்கிப் போடாதேங்கோ” என்றார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பனிப்போர்வை போர்த்திய மலைமகள்...’ வேண்டாம். அன்றைக்கு வெறும் மழை.

2

2003. இலங்கை மலையகத்தின் ஹற்றனில், ராசிக் என்பவரின் பேக்கரிக்கு மேல்மாடி. யாழ்ப்பாணத்துச் சிவகௌரி அங்கே இளம் நிருபர்களுக்குச் சுற்றுச்சூழல் செய்தி எழுதக் கற்பித்தார். இருந்தது ஒரு கணினி. அதுவும் கரண்ட் இருந்தால்தான். ஆகவே மண்சரிவு அபாயமுள்ள இடங்களைப் பிளாஸ்டிக் தாளில் சிவப்பாக அச்சிட்டு, தேயிலைத் தோட்டத்து வரைபடத்தின்மேல் வைத்துப் பார்க்கச் சொல்வார். கீழே பாண் வேகும். மேலே எல்லோருக்கும் பசிக்கும். அந்தப் பசியைச் சொல்லும்போது இன்றும் அவர் முகம் இளகுகிறது.

ஒருநாள் மாணவன் செல்லசாமி, தான் வசிக்கும் தோட்டத்தின் வரைபடத்தில் தாளை வைத்தான். சிவப்பு ஒரு வெற்றிடத்தில் விழுந்தது.

“நல்ல காலம், அதிலை ஒருத்தரும் இல்லை” என்றார் சிவகௌரி.

“அங்கதாங்க மிஸ் எங்க லயம் இருக்கு.”

பங்களாவைக் குறித்திருந்தார்கள், தொழிற்சாலையைக் குறித்திருந்தார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மட்டும் குறிக்கவில்லை.

(‘அவர் திகைத்தார்’ என்று எழுதியிருந்தேன். இல்லையாம், வெட்கத்தில் காது சுட்டதாம்.)

3

மறுநாள் வகுப்பே ஜிபிஎஸ் கருவியோடு தோட்டத்துக்குப் போய், வாசல் வாசலாக நின்று இடத்தைப் பதிந்தது. செல்லசாமியின் அம்மா அழகம்மா பிளேன்டீ கொடுத்தார்.

“பேப்பர்ல போட்டா எங்கள கெளப்பிருவாங்க. அப்புறம் நாங்க எங்கங்க போறது?”

தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது சிவகௌரியும் நடந்தவர்.

திரும்பும் வழியில், “நீர் என்ன செய்யப்போறீர்?” என்று செல்லசாமியைக் கேட்டார்.

“எழுதுறேங்க மிஸ். தோட்டத்துப் பேரோட.”

(அம்மா அப்படிச் சொன்ன பிறகும் ஏன் என்று கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. நான் ஒரு காரணம் புனைந்து பார்த்தேன். அடித்துவிட்டேன்.)

4

செய்தி வரைபடத்தோடு வந்தது. மழைக்காலத்தில் லயத்துக்காரர்களைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள்.

ஒரு முடிவு: மலை சரிந்தது, லயம் காலியாக இருந்தது. உங்களுக்குப் பிடிக்கும். நடக்கவில்லை.

இன்னொன்று: புது வீடுகளுக்குக் கல் நாட்டிய அன்று அழகம்மா—

அதுவும் நடக்கவில்லை. மழை விட்டது, எல்லோரும் லயத்துக்கே திரும்பினார்கள். அழகம்மா மகனோடு வெகுநாள் பேசவில்லை.

அடைமழை பிடித்தால் சிவகௌரி இன்றும் செல்லசாமிக்குப் போன் எடுக்கிறார்.

“என்ன மாதிரி?”

“பெய்யுதுங்க மிஸ். இருக்கோம்.”

இதற்குமேல் ஒரு வரி எழுதினாலும் நான் அந்த மலையைச் சரித்தாக வேண்டும், அல்லது தாங்கிப் பிடித்தாக வேண்டும். இரண்டுக்கும் கை வரவில்லை. உங்களுக்கு வந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.