கண்ணாடிக்கு வெளியே மாறன் சொன்னது

கேப்டன் இளவேனில் கொலைகாரி இல்லை. இதை நான் ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்க விருப்பமில்லாதவர்களையும் பிடித்து உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

'ஒன்பதாம் நிலையம்' தொடரைப் பார்க்காதவர்களும் இருப்பீர்கள், உங்கள் துரதிர்ஷ்டம். பூமியிலிருந்து வெகுதூரத்தில் ஒரு விண்வெளி நிலையம், அதில் ஆறு பேர். ஆறாவது எபிசோடில் இஞ்சினியர் மாறன் ஆன்டெனாவைச் சரிசெய்ய வெளியே போகிறான். திரும்பி வரும்போது அவன் முதுகில் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்னவென்று முழுதாகக் காட்டவே மாட்டார்கள். ஒரு நிழல், ஓர் அசைவு, அவ்வளவுதான். ரேடியோ வேலை செய்யவில்லை. அவனிடம் நாற்பது விநாடிக்குத்தான் காற்று மிச்சம். கதவின் லீவரில் கேப்டனின் கை இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று மாறன் என்னவோ பேசுகிறான். வெளியே காற்றே கிடையாது என்பதால் சத்தம் வராது. சரியாகப் பதினோரு விநாடி அவன் வாய் மட்டும் அசைகிறது. கேப்டன் திறக்கவில்லை. அவன் கை கண்ணாடியில் வழுக்கிக்கொண்டே கீழே இறங்குகிறது. அத்தோடு தொடரும் முடிந்தது. அடுத்த சீசன் எடுக்கவே இல்லை. இயக்குநரைக் கேட்டால் சிரித்துவிட்டு நழுவிவிடுகிறார்.

அந்தப் பதினோரு விநாடியில் மாறன் என்ன சொன்னான்? 'திறக்காதே' என்றால் கேப்டன் அவன் கடைசி விருப்பத்தைக் காப்பாற்றியவள். 'திற' என்று கெஞ்சினான் என்றால் கண்ணெதிரே ஒருத்தனைச் சாகவிட்டவள். நான் 'திறக்காதே' கட்சி. கட்சி என்ன கட்சி, கட்சியை ஆரம்பித்ததே நான்தான். இந்த ஜெயசுதா ஆரம்பித்த வாட்ஸப் குரூப்பில் இன்றைக்கு நானூறு பேர் இருக்கிறார்கள். பகலெல்லாம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக உட்கார்ந்து, ஷிப்மென்ட் தேதிக்காக துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையரோடு மல்லுக்கட்டுகிற வாய் இது. சும்மா இருக்குமா?

எதிர்க்கட்சித் தலைவன் டேனியல். தூத்துக்குடிக்காரன். மங்கலம் ரோட்டில் பிரின்டிங் யூனிட் வைத்திருக்கிறான். எங்கள் ஊரில் ஒரு கருத்து தோன்றினால் அதை முதலில் பனியனில் அடித்துவிடுவார்கள், அது சரியா தப்பா என்பது அப்புறம். நானும் 'திறக்காதே' என்று நெஞ்சில் அடித்து முந்நூறு டி-ஷர்ட் போட்டேன். அடித்துக் கொடுத்தவன் டேனியல்தான்.

"எழுத்து கோணாம இருக்கான்னு நல்லாப் பாத்துக்கோங்கக்கா. கருத்துதான் கோணலு, அதுக்கு நான் பொறுப்பில்ல" என்றான்.

இனி என் அம்மா மயிலாத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோமனூர் விசைத்தறிக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் தறி ஓட்டியவள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அங்கே எல்லாரும் வாயைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். கூடத்தின் இந்தக் கோடியில் நிற்பவள் அந்தக் கோடியில் நிற்பவளிடம் ஊர்க்கதை மொத்தமும் பேசி முடித்துவிடுவாள். அம்மாவின் இந்தத் திறமை எனக்கு வீட்டில் பெரிய தொந்தரவு. ஜன்னலுக்கு வெளியே நின்று போனில் முணுமுணுத்தாலும் தெரிந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அந்தக் கூடத்துக்குத்தான் போவேன், ஷிப்டு முடிகிறவரை ஒரு மூலையில் நிற்பேன். அதனால் அம்மாவின் வாயை மட்டும் எனக்குப் படிக்கத் தெரியும். மற்றவர்கள் வாய் எனக்கு வெறும் வாய்தான்.

போன மாதம் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். எதிரே நின்ற பஸ்ஸின் கண்ணாடிக்குள் ஒரு பையனும் பெண்ணும் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா சர்வ சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்தப் பையன் வேலையெ உட்டு நின்னுட்டானாமா. ஊட்டுல இன்னும் சொல்லலியாமா. அந்தப் புள்ள திட்டறதும் ஞாயந்தானே கண்ணு."

எனக்கு நடு பஸ் ஸ்டாண்டில் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நானூறு பேர் ஏழு வருஷமாக அந்தப் பதினோரு விநாடியை மெதுவாக ஓட்டி, பெரிதாக்கி, கோடு போட்டுக் கிடக்கிறோம். ஒருத்தன் அதற்கென்று சாஃப்ட்வேரே எழுதினான். அதைப் படிக்கக்கூடிய ஆள் எனக்குத் தினமும் ரசம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்!

பஸ் ஏறுவதற்குள் குரூப்பில் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு, தீர்ப்புச் சொல்லப்போவது என் அம்மா என்று. டேனியல் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். அம்மா அந்த எபிசோடை முன்னால் பார்த்திருக்கக் கூடாது. பார்த்ததில்லை என்று எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். 'மாறன் சொன்னது திறக்காதே இல்லை என்றால் இந்தக் குரூப் உன்னுடையது, நான் அட்மின் பொறுப்பிலிருந்து இறங்கிவிடுகிறேன்' என்று நானூறு பேர் பார்க்க எழுதினேன்.

உடனே சாயிமா போனில் கூப்பிட்டாள். அவளும் நானும் ஒரே கம்பெனி, ஒரே கட்சி.

"ஏன்டி, மொதல்ல ஊட்டுல ஒருக்கா போட்டுக் காட்டீட்டு அப்பறம் இதையெல்லாம் எழுதக் கூடாதா?"

"என்னத்துக்கு? நாந்தான் முப்பத்தொரு தடவ பாத்திருக்கேன்ல."

சாயிமாவின் அப்பா நூருல்லா பாயின் பனியன் குடோனில் ஏற்பாடு. ஜன்னலே இல்லாத இடம், மத்தியானம் மூன்று மணிக்கும் நல்ல இருட்டு. நாற்பது பேர் வந்தார்கள், பாதிப் பேர் என் டி-ஷர்ட்டில். திரைக்கு வெள்ளைத் துணி கட்டினோம். பனியன் துணி அல்லவா, இழுத்துக் கட்டிய பக்கமெல்லாம் கேப்டனின் முகம் அகன்றுபோனது. "வாயே இழுத்துக்கிட்டு நிக்கி, இதுல எப்படிப் படிக்கதாம்?" என்று டேனியல் ஆட்சேபித்தான். நியாயம்தான். பாய் வீட்டிலிருந்து பெரிய டிவியை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தோம்.

அம்மா முன்வரிசையில் ஒரு பண்டல் மேல் உட்கார்ந்தாள். தறிக்காரர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"எத்தன நேரமுங்க ஓடும்? ஊட்டுக்குப் போயி மாவாட்டோணும்."

நான் ரிமோட்டோடு டிவி பக்கத்தில், கூட்டத்தைப் பார்த்தபடி நின்றேன். படம் எனக்கு மனப்பாடம். முதல் தடவை பார்ப்பவர்கள் மாறனின் முதுகைப் பார்ப்பார்கள். ஐந்தாவது தடவை பார்ப்பவர்கள் காற்று அளவு காட்டும் முள்ளைப் பார்ப்பார்கள். பத்து தாண்டினால்தான் லீவர் மேல் இருக்கும் கேப்டனின் கட்டைவிரல் கண்ணில் படும். அது இரண்டு தடவை எழும்பி, இரண்டு தடவையும் இறங்கும். அதற்கும் மேலே போய்விட்டால் படத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை, பார்க்கிறவர்களைப் பார்ப்பதுதான் சுகம். அன்றைக்கு நான் அம்மாவைப் பார்த்தேன். முதல் கால் மணி நேரம் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஆன்டெனா பக்கம் அந்த நிழல் அசைந்ததும் "அய்யோ, முருகா" என்றாள். அதற்கப்புறம் மாவு நினைப்பு இருந்த மாதிரி தெரியவில்லை.

மாறன் கண்ணாடிக்கு வந்தான். நான் மனசுக்குள் எண்ணினேன், ஒன்று, இரண்டு என்று பதினொன்று வரை. படத்தை நிறுத்தினேன்.

அம்மா நேராக என்னைப் பார்த்தாள். டிவி வெளிச்சம் அவள் முகத்தில் நன்றாக விழுந்திருந்தது. குரல் எழுப்பாமல் வாயை மட்டும் அசைத்தாள்.

'டீ வந்துருச்சான்னு கேக்கறான்.'

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

"இன்னொருக்கா போடுங்க" என்று கூட்டத்துக்குக் கேட்கச் சத்தமாகச் சொன்னாள் அம்மா. போட்டேன். மறுபடி பதினோரு விநாடி. மறுபடி என்னைப் பார்த்தாள்.

'அதேதான். சக்கரையில்லாம வேணுமாமா. நேத்தாட்டம் சக்கரை போட்டுக் கொண்டாந்தா திலுப்பி அனுப்பீருவானாமா.' என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். 'நா என்னன்னு சொல்லோணும்? நீ சொல்லு சாமி, அதையே சொல்லிப்போடறேன்.'

நாற்பது பேர் அம்மாவின் பின்தலையையும் என் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பேசிக்கொண்டிருப்பது ஒருவருக்கும் தெரியாது. நான் 'திறக்காதே' என்று உதட்டை அசைத்தால் போதும். அம்மா துளிகூடக் கூசாமல் அதைச் சத்தமாகச் சொல்வாள். அவள் சொன்னால் சொன்னதுதான், சரிபார்க்க ஆள் கிடையாது. குரூப் என்னிடமே இருக்கும். கேப்டன் காலத்துக்கும் நிரபராதி. ஏழு வருஷம் வாதாடியதற்கு ஜெயித்தேன் என்று ஆகும்.

ஆசையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். உதட்டைக்கூடப் பிரித்துவிட்டேன். ஆனால் அம்மா என்னை அப்படிப் பாவமாகப் பார்த்தது எனக்குப் பொறுக்கவில்லை. பரீட்சையில் தோற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். எவளோ ஒருத்தி வாய்ப்பிச்சை போட்டு ஜெயிக்கிற நிலைமையிலா இருக்கிறேன் நான்? அது என் அம்மாவாகவே இருக்கட்டும். எனக்கு வந்தது கோபம்தான். அந்தக் கோபத்திலேயே திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தேன்.

"டீ கேக்கறாருங்க" என்றேன்.

யாருக்கும் விளங்கவில்லை.

"மாறன் ஒண்ணுஞ் சொல்லலைங்க. அந்த நடிகரு, எப்படியும் சத்தம் வராதுன்னு தெரிஞ்சு, வாயசைக்கோணுமேன்னு எதையோ பேசீட்டு நிக்கறாரு. டீ வந்துருச்சாங்கறாரு. சக்கரையில்லாம வேணுங்கறாரு."

"ஆமாங்க, அதேதானுங்க" என்றாள் அம்மா, பாரம் இறங்கிய சத்தத்தில். "நேத்து சக்கரை போட்டுக் குடுத்துட்டாங்களாமா, அந்தக் கோவமுங்க அவனுக்கு."

சிரிப்பு எங்கோ பின்னால் ஆரம்பித்து முன்னால் வந்தது. பண்டல்கள் குலுங்கச் சிரித்தார்கள். சாயிமா முக்காட்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தாள், துரோகி. டேனியல் மட்டும் சிரிக்கவில்லை.

"என்னக்கா இப்படிச் சொல்லுதீய" என்றான். "அவன் கெஞ்சுதான்னுல்லா நான் நெனச்சிட்டு இருந்தேன். எத்தன நாளு தூங்காம இருந்திருக்கேன் தெரியுமா?"

போனை எடுத்து, அங்கேயே அவனை அட்மின் ஆக்கி, என்னை நானே இறக்கிக்கொண்டேன்.

"எனக்கு என்னத்துக்குக்கா? நானும்லா தோத்துட்டேன்."

"திறக்காதே இல்லேன்னா குரூப்பு உனக்குன்னுதான் எழுதுனேன். நீ ஜெயிச்சாத்தான்னு எழுதல. புடி."

ரிமோட்டையும் அவன் கையில் திணித்தேன். பதினோரு பேரோடு நான் ஆரம்பித்த குரூப், என் கையாலேயே கொடுத்துவிட்டு நிற்கிறேன். ஆனால் தலை குனியவில்லை. குனிய எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

சிரித்து ஓய்ந்த சாயிமாதான் சொன்னாள். "சரி, மறுக்கா மொதல்ல இருந்து போடுங்க. இப்பப் பாத்தா எப்படி இருக்குதுன்னு பாப்போம்."

"காமெடிப் படமாட்டந்தான் இருக்கும்" என்றது ஒரு குரல்.

டேனியல் போட்டான். இந்தத் தடவை எனக்கு நிற்க வேலை இல்லை. அம்மா பக்கத்தில் பண்டல் மேல் போய் உட்கார்ந்தேன். ஆன்டெனா வந்தது, நிழல் வந்தது, காற்று முள் இறங்கியது. எல்லாரும் அந்தப் பதினோரு விநாடியில் சிரிப்பதற்குத் தயாராக இருந்தார்கள். எனக்குப் பின்னால் ஒருத்தன் "டீ, டீ" என்று முன்கூட்டியே முனகினான்.

மாறன் கண்ணாடிக்கு வந்து நின்றான். வாய் அசைந்தது. சிரிப்பு வரவில்லை. முனகியவனும் நிறுத்திவிட்டான். அவன் முதுகில் அது மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கேப்டனின் கட்டைவிரல் லீவரிலிருந்து எழும்பியது, இறங்கியது.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"தெறந்து உடு புள்ள!" என்று கத்தினாள். அந்தக் குரல் குடோனின் தகரக் கூரை வரைக்கும் போனது. "பாத்துட்டு நிக்கறியே, ஒரு உசுருடி அது, தெறந்து உடு!"

கன்னமெல்லாம் அவளுக்கு நனைந்திருந்தது. அவன் டீ கேட்கிறான் என்பதை அந்த வாயிலிருந்தே படித்தவள் அங்கே அவள் ஒருத்திதான். மாறனின் கை கண்ணாடியில் வழுக்க ஆரம்பித்தது.

நானும் எழுந்தேன். "தெறடீ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இத்தனை தடவை பார்த்ததில் அன்றைக்குத்தான் எனக்குக் கேப்டன் மேல் கோபம் வந்தது.