உப்புக் காலத்தில் வாசிக்கக் கூடாத கதை

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு கதையைச் சத்தமாக வாசித்தால், அந்தக் கதையில் பெய்கிற மழை எங்கள் ஊரில் பெய்யும். பனி என்றால் பனி. எல்லா ஊரிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்கு அதனால் நஷ்டம் இல்லை, பேசாமல் இருக்கிறார்கள். எங்கள் ஊர் உப்பளத்து ஊர். பாத்தியில் விளைந்து கிடக்கிற உப்பின் மேல் ஒரு நல்ல மழை விழுந்தால் அத்தனையும் கரைந்து போகும்.

ஆகவே தை பிறந்ததிலிருந்து ஆவணி வரைக்கும் காய்ந்த கதைகளை மட்டுமே வாசிப்போம். உப்பளக்காரர்கள் சங்கம் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் தங்கள் மாடியை எங்களுக்குத் தருவதே இந்த நிபந்தனையின் பேரில்தான். காய்ந்த கதையைத் தேடிப் போனால்தான் தெரியும், உலகத்தில் எப்படியெல்லாம் நனைந்து நனைந்து எழுதுகிறார்கள் என்று. நார்வேக்காரர்களைத் தொடவே முடியாது. அங்கே புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால்கூட ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும். அயர்லாந்துக் கதையில் ஒருவன் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வருவதற்குள் இரண்டு தடவை தூறிவிடும். நாங்கள் எகிப்து, ஈரான், விமான நிலையத்திலேயே முடிந்துவிடுகிற கதைகள், லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்களின் கதைகள் என்று காலத்தை ஓட்டுகிறோம். வட்டத்தின் செயலாளர் நான்தான். எனக்கு லிஃப்ட் கதைகள் அலுத்துவிட்டன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

வாசிப்பவர் தவசிமணி சார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். சும்மா சொல்லக்கூடாது, நல்ல குரல். ஆனால் யாராவது உம் கொட்டினால்தான் அவருக்கு அடுத்த வாக்கியம் வரும். கொட்டாவிட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். அவர் வாசித்த வாக்கியத்தில் மழை இருந்து, அதற்கு யாராவது உம் கொட்டினால், மழை பெய்யும். உம் கொட்டாத மழை பெய்வதில்லை. போன வருஷம் ஒருவர் தூக்கக் கலக்கத்தில் கொட்டிய உம்மினால் பஸ் ஸ்டாண்டில் ஆலங்கட்டி விழுந்தது. அவரை இப்போது பின் வரிசையில் உட்காரவிடுவதில்லை.

வைகாசியில் தவசிமணி சார் உருகுவே நாட்டுக் கதை ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்று வருஷமாக மழையே இல்லாத ஒரு ஊர். அங்கே எல்விரா என்று ஒரு அம்மா. கோபித்துக்கொண்டு போன மகன், இந்த ஊரில் மழை பெய்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறான். அவள் தினமும் ஊர் நடுவில் இருக்கிற சதுக்கத்தில், ஒரு பெஞ்சில், மடக்கிய குடையோடு உட்கார்ந்திருக்கிறாள். வறட்சிக் கதை என்று கேட்டதுமே எங்கள் தேர்வுக் குழுவுக்கு ஏக சந்தோஷம். இதைவிடக் காய்ந்த கதை கிடைக்குமா என்று அப்போதே அனுமதி கொடுத்துவிட்டார்கள். கடைசிப் பக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. மூன்று வருஷம் மழை பெய்யாத ஊரைக் கதையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, எழுதுகிறவன் பிறகு என்னதான் செய்வான்? கதை கேட்டே வளர்ந்தவர்களுக்கு இதுகூடத் தோன்றவில்லை.

கதையை எல்லோரும் ரசித்துக் கேட்டோம். ரோஸ்லின் எல்லோரையும்விட ரசித்தாள். அவள் வட்டத்துக்குப் புதிது. இத்தனை வருஷம் பிறத்தியார் பாத்தியில் கூலிக்கு உப்பு வாரியவள், இந்த வருஷம்தான் சொந்தமாக ஒரு பாத்தி குத்தகைக்கு எடுத்திருந்தாள். முதல் உப்பு கைக்கு வந்து குத்தகைப் பணம் கட்டாவிட்டால் பாத்தி அவள் கொழுந்தனுக்குப் போய்விடும் என்பது ஊருக்கே தெரியும். அவன் அதற்காகவே தினமும் வரப்பில் வந்து நின்று பல் குத்திக்கொண்டிருப்பான். ரோஸ்லின் அவனை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. கதைக்கு நடுவில் கையைத் தூக்கி, குடை என்ன கலர் என்று கேட்டாள். கதையில் போடவில்லை என்றார் தவசிமணி சார். அப்படியானால் நீலம் என்று வைத்துக்கொள்கிறேன் என்றாள்.

கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில், சதுக்கத்தின் மேல் கருமேகம் கூடியது. பழக்க தோஷத்தில் எல்லோரும் உம் கொட்டிவிட்டோம். ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்த வெயில் நின்றது. எல்விரா பெஞ்சிலிருந்து எழுந்தாள். தவசிமணி சார் அடுத்த வரியை மனசுக்குள் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். கூட்டம் அத்தோடு கலைந்தது.

மேகம் கலையவில்லை. பெய்யவும் இல்லை. பாதியில் விட்ட கதையின் மேகம் பாதியில்தானே நிற்கும்? மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் முந்தின வாரமே உப்பை வாரிக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடியிருந்தார்கள். ரோஸ்லினுடையது மட்டும் பாத்தியில் கிடந்தது. இன்னும் இரண்டு நல்ல வெயில் அடித்தால் இறுகிவிடும். இப்போது வாரினால் சேறுதான் வரும். அவள் வரப்பில் நின்று அண்ணாந்து பார்ப்பாள். அப்புறம் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்து, மேகத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல், எல்விரா என்ன ஆனாள் என்று கேட்பாள். நின்றுகொண்டிருக்கிறாள் என்று சொல்வேன். வேறு என்ன சொல்வது?

எங்களால் ஆனதைச் செய்து பார்த்தோம். கதையை விட்ட இடத்திலிருந்து பின்னோக்கி வாசித்தோம். மேகம் கொஞ்சம் விலகி, தலைப்பு வந்ததும் திரும்ப வந்துவிட்டது. ஒரு ஈரான் கதையை வாசித்து அந்த வெயிலைக் கொண்டுவரப் பார்த்தோம். வெயில் மேகத்துக்கு மேலே அடித்தது. சங்கத் தலைவர் ஆறுமுகநயினார் கடைக்கு வந்து, வெயில் இல்லாமல் அடுத்த உப்பு ஒருவருக்கும் விளையாது, கதையை முடித்துத் தொலையுங்கள் என்றார். ரோஸ்லின் பாத்தி என்ன ஆகும் என்று கேட்டேன். ஊருக்காக ஒரு பாத்தி போனால் போகட்டும் என்றார். பாவி மனுஷன், அவர் உப்பு பத்திரமாகக் கீற்றுக்குள் இருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அவருடைய கண்ணாடியைத் துடைக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மாடி நிறைந்துவிட்டது. வட்டத்தில் இல்லாதவர்கள்கூட வந்திருந்தார்கள். கொழுந்தன் வாசல் பக்கம் நின்றான். தவசிமணி சார் புத்தகத்தைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"முதல் துளி எல்விராவின் புறங்கையில் விழுந்தது."

ஒருவரும் உம் கொட்டவில்லை. கதையை முடித்துவிடலாம் என்று ஊரே சேர்ந்து முடிவு பண்ணி வந்த கூட்டம்தான் அது. ஆனாலும் ஒரு பெண்ணை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு அவள் உப்பைக் கரைக்கிற உம்மைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆறுமுகநயினார் தரையைப் பார்த்தார். கொழுந்தனுக்குக்கூட வாய் திறக்கவில்லை. தவசிமணி சார் வாக்கியத்தின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் வேர்த்தது. நான் ரோஸ்லினைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"எத்தன நாளைக்கு அண்ணாச்சி அந்தம்மாவ இப்படி நிக்க வைப்பிய? கால் வலிக்கும்லா," என்றாள். பிறகு தவசிமணி சார் பக்கம் திரும்பி, "உம்," என்றாள்.

மழை ஓட்டின் மேல் விழுந்தது. தவசிமணி சார் அடுத்த வாக்கியத்துக்குப் போனார். ரோஸ்லின் உம் கொட்டினாள். சதுக்கத்துக் கற்கள் நனைந்தன, உம். ஊர்க்காரர்கள் வீட்டை விட்டு வெளியே ஓடி வந்தார்கள், உம். எல்விரா குடையை விரிக்காமல் நனைந்துகொண்டே ரோட்டைப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் அவள்தான், அவள் ஒருத்திதான், உம் கொட்டினாள். மழை வலுத்தது. கடைசியில் பஸ் ஒன்று வந்து நின்றது. அதன் கதவு திறந்தது. அங்கே கதை முடிந்துவிட்டது.

இதென்ன முடிவு என்று ஆறுமுகநயினாருக்கு எரிச்சல். மகன் வந்தானா இல்லையா, அதைச் சொல்ல வேண்டாமா என்றார். இந்தக் காலத்துக் கதைகள் இப்படித்தான் முடியும் என்று தவசிமணி சார் விளக்கப் போனார். ரோஸ்லின் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"வந்துட்டான். இல்லன்னா கதவ எதுக்குத் தொறக்கணும்?"

நானும் அவளும் உப்பளத்துக்குப் போனோம். மழை விட்டிருந்தது, மேகமும் போய்விட்டிருந்தது. பாத்தியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, உப்பு என்று ஒரு பொட்டு இல்லை. கொழுந்தன் எங்களுக்கு முன்னால் வந்து வரப்பை அளந்துகொண்டிருந்தான். ரோஸ்லின் வாய்விட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. கதையை நினைத்தா, உப்பை நினைத்தா என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் தவசிமணி சார் புத்தகத்தோடு கடைக்கு வந்தார். கதவு திறந்த இடத்துக்குக் கீழே புதிதாக ஒரு பத்தி வந்திருந்தது. ரோஸ்லினுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்ததும் தவசிமணி சார் வாசித்தார், நாங்கள் இருவரும் உம் கொட்டினோம். வெயில் வந்து சதுக்கம் காய்ந்ததும் கற்களின் மேலெல்லாம் வெள்ளை வெளேர் என்று உப்பு இறுகிக் கிடந்ததாம். எல்விராவும் ஒரு வாலிபனும் அதை வாரி, பெஞ்சுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்குக் குவித்து, தங்கள் கோட்டுகளைக் கழற்றி மேலே போட்டு மூடிவிட்டு, உரியவர்கள் வரட்டும் என்று காவல் உட்கார்ந்திருக்கிறார்களாம்.

ரோஸ்லின் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். லாரி கதைக்குள்ளே எதுவரைக்கும் போகும் என்று கேட்டாள். தவசிமணி சார் விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். பஸ் வந்து நின்ற வாக்கியம் வரைக்கும் தாராளமாகப் போகும், அதற்கு அப்புறம் தலைச்சுமைதான் என்றார். அப்படியானால் நாலு ஆள் போதும் என்று சொல்லிவிட்டு அவள் சாக்கு வாங்கப் போனாள்.