மணமகள் அறையில் வாய்மொழித் தேர்வு

கரண்ட் போனதும் பவதாரிணியின் லேப்டாப்பும் அணைந்தது. அதன் பேட்டரி செத்து வெகுநாளாகிறது. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு தொடங்க இன்னும் கால்மணி நேரம்தான் இருந்தது. அப்பாவின் ஆபரேஷனுக்காக டெல்லியிலிருந்து டி. கல்லுப்பட்டிக்கு வந்தவள், ஆன்லைனிலேயே தேர்வுக்கு அனுமதி வாங்கியிருந்தாள். ஈரானிய மொழிகளில் வினைச்சொல்லின் முன்னால் ஒட்டிக்கொள்ளும் சிறு சொற்கள் எப்படித் தோன்றின என்பது அவளுடைய ஆராய்ச்சி. இன்று தவறினால் வெளிநாட்டுத் தேர்வாளர் மறுபடி எப்போது கிடைப்பாரோ.

"மண்டபத்துல ஜெனரேட்டர் ஓடுது. பைக்ல ஏறு," என்றான் அண்ணன் சிவபாண்டி.

முன்பின் தெரியாத வீட்டுக் கல்யாணம். சத்தம் குறைவாக இருந்தது மாடியிலிருந்த மணமகள் அறை மட்டுமே. அங்கிருந்த ஒரே பிளக்கில் முடியை நேராக்கும் மெஷின் சூடாகிக்கொண்டிருந்தது. சிவபாண்டி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்ல, மணப்பெண் சரண்யாதேவி தானே எழுந்து அதைப் பிடுங்கினாள்.

"நீங்க சொருகுங்கக்கா. எனக்கு இம்புட்டு அலங்காரம் போதும்."

போன் நெட்டில் தேர்வு தொடங்கியது. முதல் கேள்விகளுக்குப் பவதாரிணி தாளைப் பார்த்துப் பார்த்தே பதில் சொன்னாள். பிறகு மூத்த தேர்வாளர், பாரசீக வினைச்சொற்களின் முன்னால் வரும் 'மீ' தொடக்கத்திலிருந்தே முன்னொட்டுதானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இல்லை, அது முன்பு 'ஹமே' என்ற தனிச்சொல், 'எப்போதும்' என்று பொருள் என்றாள். பழைய பாரசீக நூல்களில் அது வினைக்கு முன்னாலும் வரும், பின்னாலும் வரும், இடையில் வேறு சொல்லும் புகும். காலப்போக்கில் வினைக்கு முன்னால் நிலைத்து, தேய்ந்து 'மீ' ஆயிற்று. ஆதாரம் கேட்டார்கள். தாளைப் பார்க்காமலே ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்.

காத்திருக்கச் சொல்லிவிட்டு அவர்கள் திரையிலிருந்து மறைந்தார்கள்.

"பாதிதான் புரிஞ்சுச்சுக்கா," என்றாள் சரண்யாதேவி. "எப்பவும்னு ஒரு வார்த்தை சொன்னீங்கல்ல, அது அழிஞ்சே போச்சா?"

"அழியலம்மா. பேசுறவுகளுக்கே தெரியாம ஒட்டிக்கிட்டு இருக்கு. அம்புட்டுதான்."

கதவு தட்டப்பட்டது. "பொண்ணக் கூப்புடுறாக!"

"செத்த இருங்க, அக்காவுக்கு ரிசல்ட் வரட்டும்."

திரையில் முகங்கள் திரும்பின. அந்நேரம் பார்த்துக் கீழே நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போயின. மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏதோ சொன்னார். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மாலையைப் பிடித்தபடி சரண்யாதேவி குனிந்து, பவதாரிணியின் கன்னத்தோடு கன்னம் உரசத் திரையைப் பார்த்தாள். கீபோர்டில் ரோஜா இதழ்கள் உதிர்ந்தன. திரையின் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள், சத்தமில்லாமல், ஒவ்வொருவராகக் கைதட்டத் தொடங்கினார்கள்.