மூடியைத் திறந்தால் நின்றுவிடும்

பலகை நிறையக் காய்ந்துகொண்டிருந்த, இன்னும் சுடாத களிமண் கோப்பைகளின் மேல் நான் மல்லாந்து விழுந்தேன். எங்கள் பட்டறையில் ஒரு வேலையை இவ்வளவு சீக்கிரம் நான் முடித்தது அதுதான் முதல் தடவை.

சூடேறத் தொடங்கியிருந்த மின்சூளைக்குள் ஒரு கோப்பை சாய்ந்திருந்தது. மூடியைத் தூக்கி, இரும்புக் கம்பியால் நிமிர்த்தப் போனேன். கம்பி சூடேற்றும் சுருளில் பட்டதும் கரண்ட் என்னைத் தூக்கியெறிந்தது.

மனைவி ஓடிப்போய் மெயினை அணைத்தாள். “அடுப்புக்குள்ள கம்பிய விட்டுப் பாக்குற ஆம்பளைய இப்பத்தான் பாக்குறேன்,” என்றாள்.

“மூடியத் திறந்தா கரண்ட் தானா நின்னுடும்னு அண்ணன் சொன்னாரே,” என்றேன்.

அண்ணன் புதுச் சூளை வாங்கியதும் பழையதை எங்களுக்குத் தந்திருந்தார். “வெளில எத்தனையோ பேர் கேட்டாங்க. தம்பிக்குன்னு வச்சிருந்தேன்,” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அவ்வளவு போதும்.

ஷாக் அடித்த மறுநாள், தடித்த கேபிள், எர்த், புதுச் சுருள் எல்லாம் போட்டுவிடலாம் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றார். மூடி சுவிட்சுக்குப் போகவேண்டிய இரண்டு ஒயர்களும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருந்தன. மேலே பச்சை டேப். அண்ணன் சுத்தியல் பிடி முதல் சைக்கிள் வரை சுற்றுகிற அதே டேப்; முனையை மடித்து ஒட்டுகிற அதே சுத்தம்.

“சுவிட்சு இருந்தும் இல்லாத மாதிரிதாங்க. மூடி திறந்தாலும் உள்ள கரண்ட் ஓடும். இதுல சாமான் அடுக்குறது யாரு?”

மூடிதான் திறந்திருக்கிறதே என்ற தைரியத்தில், மெயினை அணைக்காமல், இடுப்புவரை உள்ளே குனிந்து அடுக்குகிறவள் என் மனைவிதான்.

டேப் சுற்றிய ஒயர்த் துண்டோடு அண்ணன் வீட்டுக்குப் போய், ஷாக் அடித்ததைச் சொன்னேன்.

“உன் செருப்பு ஈரமா இருந்திருக்கும்டா,” என்றார் அண்ணன்.

ஒயர்த் துண்டை மேசைமேல் வைத்தேன்.

“நான் வாங்கினப்பவே அப்படி இருந்துச்சோ என்னவோ. டீ குடிக்கிறியா?”

“அண்ணே, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

அண்ணன் டேப்பைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அண்ணி குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

“ஒயர முறுக்கின அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு தம்பி,” என்றாள். “நீ மட்டும் அதுக்குள்ள கைய விட்றாதடீன்னு.”