பாதி மரம்

ரசலையனுக்கு அறுபத்திரண்டு வயது. குலசேகரத்துக்கு மேலே ரப்பர் வெட்டத் தொடங்கி நாற்பது வருஷம். அதில் முப்பத்தைந்து வருஷமாகத் தலைவலியும் கூடவே வருகிறது. பெண்டாட்டி ராஜபாய்க்கு இது தெரியும். வெளியே ஒருத்தனுக்கும் தெரியாது. ஆண்பிள்ளை தலைவலி என்று படுத்தால் ஊர் என்ன பேசும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவரே நாலுபேரைப் பேசியிருக்கிறார்.

வலிக்கு முன்னால் கண்ணில் ஒரு கோளாறு வரும். பார்க்கிற இடத்தில் ஒரு பொட்டு மின்னும். அது மரம் அறுக்கிற வாளின் பல் மாதிரி நெளிந்து நெளிந்து விரியும். விரிந்த இடத்தில் ஒன்றும் தெரியாது. மரத்தைப் பார்த்தால் இடது பாதி நிற்கும், வலது பாதி இருக்காது. அரைமணி நேரத்தில் பார்வை திரும்பிவிடும். அதற்குப் பிறகுதான் மண்டையின் ஒரு பக்கத்தில் இடி. வாந்தி. ரப்பர் பால் உறைய ஊற்றுகிற ஆசிட்டின் வாடை மூக்கில் ஏறினால் குடல் வாய்க்கு வரும்.

கண் மறைகிற நேரத்தில் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் குந்தியிருப்பார். தெளிந்ததும் ஒரு மாத்திரை. மருந்துக்கடையில் சீட்டு கேட்காமல் கொடுக்கிற மாத்திரைதான். முதலில் மாதத்துக்கு இரண்டு போதுமாக இருந்தது. பிறகு வாரத்துக்கு இரண்டு. இப்போது நாளுக்கு மூன்று.

மகன் ஜினோ மஸ்கட்டில். மருமகள் ஜெப்சி நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், வாராவாரம் வருவாள். ஒருநாள் துவைக்க எடுத்த சட்டைப் பையிலிருந்து காலி மாத்திரை அட்டை ஐந்தை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

"மாமா, இது எத்தன நாளத்தது?"

"அது கிடக்கும் பழசு."

"பழசு ஒண்ணும் இல்ல மக்கா," என்றாள் ராஜபாய் அடுக்களையிலிருந்து. "ரெண்டு வாரத்துக்குள்ளது."

"நீ சும்மா கிடட்டி."

ஜெப்சி சும்மா கிடக்கவில்லை. நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். இது ஒற்றைத் தலைவலி என்று டாக்டர் சொன்னார். கண் மறைவதும் அதிலே சேர்ந்ததுதான். ஆனால் இத்தனை மாத்திரை தின்றால் மாத்திரையே வலியைக் கொண்டுவரும். எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். ராத்திரிக்கு ஒரே ஒரு மாத்திரை, அது பிடிக்க ஒன்றிரண்டு மாதம் ஆகும். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகக்கூடாது. வலி வருகிற நாளைக் குறித்து வைக்க வேண்டும். நிறுத்தியதும் முதல் இரண்டு வாரம் வலி கூடும், அதுவரை கத்தி பிடிக்க வேண்டாம்.

பஸ்ஸில் வரும்போது ரசலையன் சொன்னார்: "வலிக்கு மாத்திர தின்னேன். மாத்திரயாலதான் வலின்னு சொல்லுதான். அதுக்கும் ஒரு மாத்திர எழுதித் தந்திருக்கான். நல்ல சோலிதான் இவனுவளுக்கு."

"அவரு உள்ளதத்தான் சொன்னாரு மாமா. மொதலாளிட்ட சொல்லி ரெண்டு வாரம் லீவு கேளுங்க."

"கேக்கேன்," என்றார். கேட்கிற எண்ணம் அவருக்கு இல்லை.

முதலாளி கமருதீன், தேங்காப்பட்டணத்துக்காரர். அவர் வைத்த முந்நூறு ரப்பர் கன்று ஏழு வருஷம் வளர்ந்து இந்த ஆவணியில்தான் வெட்டுக்கு வந்திருந்தது. முதல் வெட்டு திறப்பது எல்லாருக்கும் கொடுக்கிற வேலை இல்லை. பட்டையை மட்டும் சீவி, உள்ளே இருக்கிற தடிக்கு ஒரு மயிரிழை முன்னால் கத்தி நிற்க வேண்டும். கத்தி தடியில் பட்டால் அந்த இடம் முண்டு கட்டும், பிறகு அந்தப் பட்டையில் வெட்ட முடியாது. இருபது வருஷம் பால் தரவேண்டிய மரம் ஊனமாகிப் போகும். கமருதீன் அந்த முந்நூறையும் ரசலையனை நம்பிக் கொடுத்திருந்தார். ரசலையனுக்கு மிச்சமிருக்கிற ஆயுசுக்கு அந்த மரம் போதும். போனால் வேறு மரம் இல்லை. இந்த வயசில் புதிதாக எவன் கூப்பிடுவான்?

நோய் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதையும் அவர் பார்த்திருக்கிறார். கூட வெட்டிக்கொண்டிருந்த தாணுவுக்குக் கை நடுக்கம் வந்தது. எல்லாரும் பாவம் பாவம் என்றார்கள். பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். ஒருத்தரும் திரும்பக் கூப்பிடவில்லை. குடித்துவிட்டு வராமல் போனவனை ஒரு வாரம் ஏசுவார்கள், எட்டாம் நாள் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். நோயாளியை ஏசமாட்டார்கள், கூப்பிடவும் மாட்டார்கள்.

அதனால் டாக்டர் சொன்னதில் பாதியைக் கேட்டார். மாத்திரையை நிறுத்தினார். வேலையை நிறுத்தவில்லை.

ஐந்து நாள் நரகம். ஆறாம் நாள் விடியக்காலம், வெளிச்சம் வந்து மரம் தெரிகிற நேரத்தில், பொட்டு மின்னியது. பால் எடுக்க வாளியோடு வந்த ராஜபாய் அவர் நிற்கிற நிலையைப் பார்த்ததுமே சொன்னாள்:

"இருங்க. இருந்துட்டு வெட்டலாம்."

"ஏழு மணிக்கு மொதலாளி மரம் பாக்க வாறாரு. குத்த வச்சு இருக்கதப் பாத்தா என்னட்டி சொல்லுவாரு?"

"கண்ணு தெரியாம எப்பிடி வெட்டுவிய?"

"நாப்பது வருசக் கை. கண்ணு எதுக்கு?"

அங்கேதான் பிசகிப்போயிற்று. அந்த நாற்பது வருஷமும் கை அதிகம் பழகியது பழைய மரத்தில், தடித்த பட்டையில். புதுப்பட்டை மெலிசு. எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்று கைக்கு ஒரு கணக்கு இருந்தது, அந்தக் கணக்குப்படியே அது போனது. வலது பாதி இல்லாத மரங்களை அவர் வரிசையாக வெட்டிக்கொண்டு போனார். பார்வை தெளிந்தபோது திரும்பிப் பார்த்தார். பதினேழு மரம். பட்டை வகுந்து உள்ளே தடி, எலும்பு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. பால் கோடு பிடித்து ஓடாமல் மரத்தின் நெஞ்சு முழுக்க வழிந்தது.

ராஜபாய் வாளியைக் கீழே வைத்தாள். மண்ணைக் குழைத்துக் காயத்தின் மேலே அப்பினாள். அவரும் அப்பினார். இடி தொடங்கியிருந்தது. மூன்றாவது மரத்தடியில் வாந்தி எடுத்தார்.

கமருதீன் வந்தபோது கூடவே தோட்டத்து மேற்பார்வைக்காரன் சகாயமும் வந்தான். அவனை எல்லாரும் ரைட்டர் என்பார்கள். கமருதீன் ஒரு மரத்தில் மண்ணைப் பெருவிரலால் துடைத்துப் பார்த்தார். அடுத்த மரத்தையும் பார்த்தார். பதினேழையும் பார்த்துவிட்டு வந்தார். ரசலையன் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டையில் வாந்தி.

"என்ன ரசலையண்ணே இது?"

ரசலையன் புறங்கையால் வாயைத் துடைத்தார்.

"ஆளு நிக்கப் பாத்தா தெரியல்லியா மொதலாளி," என்றான் சகாயம். "ராத்திரி ஏத்துனது எறங்கல்ல."

"உள்ளதா அண்ணே? குடிச்சியளா?"

ராஜபாய் வாயைத் திறந்தாள். அவளுடைய அப்பா குடித்தே செத்தவர். குடிக்காத மாப்பிள்ளை என்பதற்காகவே, வேறொன்றும் இல்லாத ரசலையனுக்குக் கழுத்தை நீட்டியவள்.

"ஆமா மொதலாளி," என்றார் ரசலையன். "கொஞ்சம் குடிச்சிட்டேன்."

கமருதீன் பெருவிரலில் ஒட்டிய மண்ணை உதறினார். "உங்களப் பத்தி நான் எல்லார்ட்டயும் எப்பிடிச் சொல்லி வச்சிருந்தேன்," என்று மட்டும் சொன்னார். புது மரம் அன்றைக்கே கைவிட்டுப் போனது. ஆனால் ரசலையன் நினைத்த மாதிரியே எட்டாம் நாள் ஆள் வந்தது. மலைச்சரிவில் கிழட்டு மரம் இருநூறு, தையில் முறிக்கப் போகிறார்கள். அதுவரைக்கும் கடும்வெட்டு. மரம் எப்படியும் சாகப்போகிறது, எப்படி வேண்டுமானாலும் வெட்டிப் பாலை எடு என்கிற வெட்டு. ஒரே ஒரு நிபந்தனை. தினமும் கத்தி எடுக்குமுன் சகாயத்தின் முன்னால் நின்று வாயை ஊத வேண்டும்.

சேதி சபைக்கும் போனது. சபைப் போதகரான ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு, மூன்று மாதம் திருவிருந்துக்கு வரவேண்டாம் என்றார். சபைவாசலில் பெண்கள் ராஜபாயிடம், "வயசான காலத்தில இவருக்கு என்ன கேடு?" என்று கேட்டார்கள். அவள் அதற்குப் பிறகு கோயிலுக்குப் போகவில்லை. வீட்டிலும் அவரிடம் அதிகம் பேசுவதில்லை. சோற்றைப் போட்டு வைப்பாள்.

கார்த்திகையில் ஜெப்சி காலண்டரைப் பார்த்தாள். வலி வந்த நாளுக்குப் பென்சிலால் பெருக்கல்குறி போட்டிருந்தது. முதல் மாதம் இருபத்திரண்டு. இந்த மாதம் ஐந்து.

"கொறஞ்சிருக்கு பாருங்க மாமா. இனியாவது மொதலாளிட்ட உள்ளதச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிச் சீட்டு நான் தாறேன்."

"இனி சொன்னா என்ன சொல்லுவாரு? குடிகாரன் மருமவளுக்க கைல சீட்டு எழுதி வாங்கிட்டு வந்திருக்கான்னு சொல்லுவாரு."

"அவரு அப்பிடிச் சொல்லமாட்டாரு."

"எல்லாவனும் சொல்லுவான்."

மறுநாள் காலை காப்பியும் இரண்டு தோசையும் தின்றுவிட்டுத்தான் புறப்பட்டார். டாக்டர் சொன்னதில் அதையும் இப்போது கேட்கிறார். ஆனால் அன்றைக்கு வலி வருகிற நாள். பாதை ஏறும்போதே பொட்டு மின்னியது. சகாயம் ஷெட் வாசலில் நின்றான். அவன் முகத்தில் இடது கண்ணும் மீசையில் பாதியும் மட்டும் இருந்தன.

"ஊதும்வே."

ரசலையன் ஊதினார்.

சகாயம் மோந்து பார்த்தான். தோசை வாடைதான் வந்திருக்கும்.

"நல்லாத்தான் இருக்கீரு," என்றான். "போயி வெட்டும்."

அவர் கத்தியை எடுத்துக்கொண்டு பாதி மரங்களுக்கு நடுவே நடந்தார்.