பொட்டு வைத்த பொத்தான்

பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கிற எங்கள் ஜின்னிங் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பத்தெட்டில். மதுரைத் தலைமை ஆபீஸில் இருந்த பெரிய கம்ப்யூட்டரோடு டெலிபோன் வயர் வழியாகப் பேசுகிற பெட்டி அது. இங்கே நான் பஞ்சுப் பொதியின் எடையைத் தட்டினால் அங்கே போய் ஏறிக்கொள்ளும். நான் தற்காலிகம்தான். மானேஜர் வேல்சாமி அண்ணாச்சி தன் அக்கா மகனுக்காக என் நாற்காலியைக் குறிவைத்திருந்தார். ஆயுதபூஜை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று என் காதுபடவே சொல்லிவந்தார். ஒருநாள்கூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'ஏ பிள்ளே'தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பூஜையன்று எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. தராசு, டைப்ரைட்டர் எல்லாம் முடித்துக் கம்ப்யூட்டருக்கு வந்தேன். கீபோர்டின் வலப்பக்கம் நம்பர் பொத்தான்கள். நட்டநடுவில் ஐந்து. அதன்மேல் மட்டும் விரலுக்குத் தட்டுப்படுகிற சின்னப் புடைப்பு. பொட்டு வைக்கவே செய்தது போலிருந்தது. தாராளமாக வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் முதலாளி வந்து ஒவ்வொரு மிஷினையும் தன் கையால் தொடங்கிவைப்பார். பொட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் விரல் வைப்பார். அவர் வருமுன் எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஐந்தை அழுத்தினேன். கீழே போன பொத்தான் மேலே வரவில்லை. சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்துபோயிருந்தது. திரையில் ஐந்து ஐந்தாக ஓடியது. நகத்தால் நெம்பித் தூக்கினேன். அடுத்த தடவையும் அதே கதை. நாற்காலி போச்சு என்றே நினைத்தேன்.

அப்போதுதான் அந்த நீலத்திரை ஞாபகம் வந்தது. மதுரையோடு பேசவைக்கிற புரோகிராமில், எந்தப் பொத்தானை அழுத்தினால் எது போகவேண்டும் என்று நாமே மாற்றிக்கொள்கிற இடம் அது. ஒரு பொத்தானுக்கு முழு வரியையே கொடுக்கலாம். வேலையில்லாத மத்தியானங்களில் நான் அதை நோண்டிப் பார்த்திருக்கிறேன். மேல்வரிசையிலும் ஒரு ஐந்து உண்டு, ஆனால் எடையை வேகமாகத் தட்ட வலப்பக்கம்தான் தோது. அங்கே சும்மா கிடந்த கழித்தல் பொத்தானுக்கு ஐந்தைக் கொடுத்தேன். பொட்டு வைத்த பொத்தானை வெறுமனே விட்டால் முதலாளி அழுத்தும்போது ஒன்றும் வராது, அபசகுனம் என்பார்கள். அதற்கு ஆங்கில எழுத்தில் 'செண்பகவல்லி அம்மன் துணை' என்று ஒரு வரி கொடுத்தேன்.

முதலாளி செருப்பைக் கழற்றினார். கும்பிட்டுவிட்டுப் பொட்டின்மேல் அழுத்தினார். அம்மன் துணை என்று வந்தது. பொத்தான் சிக்கிக்கொண்டது. மறுபடியும் வந்தது, மறுபடியும் வந்தது, திரை நிறைய அம்மன்.

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "வேல்சாமி, நான் கைய எடுத்துட்டேன்வே. தாயி தானா வாரா, பாத்தீரா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இனிமே இந்தப் பொட்ட ஒருத்தரும் தொடப்படாது."

மானேஜர் பயபக்தியோடு தலையாட்டினார். ஆனால் பூஜை முடிந்துவிட்டதே. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் அக்கா மகன் வருவான், இடத்தை ஒழித்துக்கொடு என்றார். சிக்கிய பொத்தானை முதலாளி போனதுமே யாருக்கும் தெரியாமல் நெம்பித் தூக்கிவிட்டிருந்தேன். இப்போது வந்த ஆத்திரத்தில் மேல்வரிசையில் இருந்த இன்னொரு ஐந்தையும் நீலத்திரையில் ஊமையாக்கிவிட்டுத் தூக்குச்சட்டியோடு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன்.

அக்கா மகன் கோயம்புத்தூரில் கோர்ஸ் முடித்தவன். விரல் வேகமான விரல்தான். முதல் பொதி நூற்று அறுபத்தைந்து கிலோ. ஐந்து விழாமல் திரையில் பதினாறோடு நின்றது. மதுரையிலிருந்து, எடை எங்கே என்று போன் மேல் போன். பொட்டைத் தொட யாருக்கும் துணிச்சலில்லை.

நான் சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மானேஜர் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"ராதாமணி, அஞ்ச எங்கன வச்சிருக்க?"

பேர் சொல்லிக் கூப்பிட்டது மனசுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அதற்காக விட்டுவிட முடியுமா?

"சொல்லுதேன் அண்ணாச்சி. என் பெர்மனென்ட் ஆர்டர எங்கன வச்சிருக்கீய?"

முறைத்தார். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டு, முதலாளி அறையைப் பார்த்து நடந்தார். நான் நிதானமாகச் சாப்பிட்டுக் கை கழுவினேன்.