பல்லில் படாதது

தவக்காலம் வந்துவிட்டது என்பதை எங்கள் ஊரில் கோயில் மணிக்கு முன்னால் பெரியண்ணன் கடை அறிவித்துவிடும். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாளே முட்டை போண்டா சட்டி கழுவிக் கவிழ்க்கப்படும். குளிர்பெட்டியின் மேல்தட்டு முழுக்க சிவப்பு பாட்டில்கள் ஏறி உட்காரும். குடித்தால் தெம்பு வரும், தூக்கம் போகும் என்று விளம்பரத்தில் ஒருவன் சுவரை உடைத்துக்கொண்டு வருவானே, அந்த வகைப் பாட்டில். பெரியண்ணன் கும்பிடுவது முனியப்பனை. ஆனால் எந்த நாளில் நாங்கள் எதைத் தின்ன மாட்டோம் என்பது எங்கள் பங்குச் சாமியாரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு. மற்ற நேரத்தில் பசித்தால் தண்ணீர், மோர் குடிக்கலாம். எது சாப்பாடு, எது குடிப்பது என்று சந்தேகம் வந்தால், கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் மரியசூசை ஒரே வரியில் தீர்த்துவைப்பார். பல்லில் படாதது சாப்பாடு இல்லை. அப்படியானால் கூழ் குடிக்கலாமா என்று ஒருவன் மடக்கப் பார்த்தான். அதோடு வெங்காயம் கடிக்கிறாயே, அது எதில் படுகிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். ஊரே சிரித்து ஒத்துக்கொண்டது. அந்தத் தீர்ப்பின் கீழ்தான் சிவப்பு பாட்டிலும் ஒருசந்திக்குள் நுழைந்தது.

அதை நம்பி அதிகம் குடித்தவன் விக்டர். குச்சிக்கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு சேலத்துப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறவன். தவக்காலமும் கிழங்கு சீசனும் ஒன்றாக வந்து தொலைப்பதால் தூக்கமும் கிடையாது, சோறும் கிடையாது. இரண்டுக்கும் பதில் பாட்டில். வண்டியில் பிரேக் போட்டால் சீட்டுக்கு அடியில் காலி பாட்டில்கள் முன்னால் உருண்டு வரும், வண்டி எடுத்தால் பின்னால் உருண்டு போகும். அவன் மனைவி ஏஞ்சலின் அந்தச் சத்தத்தை வைத்தே எத்தனை பாட்டில் என்று கணக்குப் போட்டுவிடுவாள்.

அவனை ஒருசந்தி இருக்க யாரும் கட்டாயப்படுத்தவில்லை. முன்பு ஒருமுறை அவர்கள் மகள் பிளசி விஷக்காய்ச்சலில் விழுந்து, சேலம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே கிடந்தாள். விக்டர் கதவுக்கு வெளியே முட்டி போட்டு வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்தால் மூன்று தவக்காலம் முழுக்க ஒருசந்தி, பெரிய வெள்ளிதோறும் மலைச் சிலுவைப்பாதையில் இயேசுவாக நின்று சிலுவை சுமப்பது. பிள்ளை பிழைத்தாள். இரண்டு தவக்காலம் முடிந்துவிட்டது, இது மூன்றாவது. வேண்டுதலில் ஓட்டை விழுந்தால் கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று எந்தச் சாமியாரும் எங்களுக்குப் போதித்ததில்லை. ஆனாலும் அதை நம்பாத ஆள் எங்கள் பங்கில் கிடையாது.

ஒருநாள் அவன் அசந்து படுத்திருந்தபோது ஏஞ்சலின் அவன் நெஞ்சில் தலை வைத்தாள். துடிப்பு ஓடியது, ஓடியது, நடுவில் ஒன்றைக் காணோம். பிறகு விட்டதைப் பிடிக்கிறமாதிரி இரண்டாக வந்தது. அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் ஜவுளிக்கடை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அரூரில் டாக்டர் சோபனாவிடம் அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது. துடிப்பு தவறுகிறது, சேலத்துக்குப் போய் உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும், அந்தப் பாட்டிலை இன்றே நிறுத்த வேண்டும், வெறும் வயிற்றில் இனிமேல் வண்டி எடுக்கக் கூடாது என்றார். விக்டர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். ஈஸ்டர் முடிந்ததும் போவதாகச் சொன்னான். ஒருசந்தியில் இருக்கிறவர் இதை மட்டும் எப்படிக் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்க, அது சாப்பாட்டில் சேராதே என்றான்.

"யாருங்க சொன்னது சாப்பாடு இல்லன்னு? சக்கரை, காஃபின், கலரு, வாசனைன்னு எல்லாத்தையும் ஃபேக்டரியில கலந்து செய்யற சாப்பாடுதாங்க அது. அல்ட்ரா ப்ராசஸ்டுன்னு சொல்லுவோம். கடிச்சாதான் சாப்பாடுன்னு இல்லைங்க."

விக்டர் சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டினான். ஏஞ்சலின் சிரிக்கவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த ஒரு வார்த்தையையே பிடித்துக்கொண்டு வந்தாள். உயிருக்கு ஆபத்து என்றால் இந்த மனுஷன் கேட்கமாட்டான். வேண்டுதலுக்கு ஆபத்து என்றால் கேட்பான். அது சாப்பாடுதான் என்று கோயில் சொல்லிவிட்டால் கையாலும் தொடமாட்டான். கெட்டிக்காரத்தனமான யோசனைதான். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

குருத்து ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் கையில் ஓலையோடு நிற்கும்போது, டாக்டர் சொன்னதைச் சொல்லி, சிவப்பு பாட்டில் சாப்பாடா இல்லையா என்று அவள் சாமியாரிடம் கேட்டாள். சாமியார் சின்ன வயசு, பங்குக்குப் புதுசு. கைபேசியை எடுத்து எதையோ தேடிப் படித்தார். ஆலையில் செய்யும் இந்த மாதிரி இனிப்புப் பானங்களையும் டாக்டர் சொன்ன அந்த உணவு வகையில்தான் சேர்க்கிறார்கள் என்று இழுத்தார். மரியசூசைக்குக் கோபம் வந்துவிட்டது. பழைய சாமியார்கள் காலத்திலிருந்து குடிப்பது ஒருசந்தியைக் கெடுக்காது, இன்றைக்கு டவுன் டாக்டரம்மா சொல்லித்தான் மோட்சத்துக்குப் போக வேண்டுமா என்று சத்தம் போட்டார். வாலிபர்கள் அவர் பக்கம். அவர்களுடைய பக்தி எதன் தெம்பில் நடந்தது என்பது தெரிந்ததுதானே.

ஏஞ்சலின் பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்தாள். அதிலிருந்த பச்சைப் புள்ளியை உபதேசியாரின் மூக்குக்கு நேராகக் காட்டினாள்.

"சைவம்னு புள்ளி போட்டிருக்குதுங்க. சாப்பாடே இல்லாததுக்கு எதுக்குங்க சைவமும் அசைவமும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சாமியாரும் தைரியம் வந்து, இது உணவுதான், ஒருசந்தியில் யாரும் குடிக்க வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். ஏஞ்சலினுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. வெற்றியோடு திரும்பி விக்டரைப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த குருத்தோலையைக் கிழித்துக் கிழித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் வண்டியில் மிச்சமிருந்த பாட்டில்களை எல்லாம் தானே திறந்து முருங்கை மரத்தடியில் கொட்டினான். எறும்புகள் வந்தன. அவள் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே களி கிண்டினாள். சாப்பிடக் கூப்பிட்டபோது அவன் தட்டின் முன்னால் உட்காரவில்லை.

"இந்த வருசம் மட்டுமா? போன வருசம், அதுக்கு முந்துன வருசம், எல்லாத்துலயும் குடிச்சிருக்கறன். மூணும் கெட்டுப்போச்சு ஏஞ்சலின்."

உள்ளே படுத்திருந்த பிளசி இருமினாள். வெயில் காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் இருமுகிற சாதாரண இருமல். விக்டர் அந்தப் பக்கம் திரும்பிய வேகத்தைப் பார்த்தபோதுதான் ஏஞ்சலினுக்குத் தான் எதைத் தட்டி எழுப்பிவிட்டோம் என்பது புரிந்தது.

அவன் நேரே மரியசூசையிடம் போய் பரிகாரம் கேட்டான். சபையில் மூக்குடைபட்ட மனுஷன் என்ன சொல்வார்? கெட்டுப்போன ஒருசந்திக்கு அந்தக் காலத்தில் பெரிய வியாழனிலிருந்து சனிக்கிழமை வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூட நாக்கில் படாமல் இருப்பார்கள் என்றார். ஏஞ்சலின் பதறிக்கொண்டு சாமியாரிடம் ஓடினாள். சாமியார் அவனைக் கூப்பிட்டு, அப்படி ஒரு சட்டமே கிடையாது, தெரியாமல் செய்தது எதையும் கெடுக்காது, ஆண்டவர் பிள்ளைகளைப் பழிவாங்குகிறவர் அல்ல என்று பொறுமையாகச் சொன்னார். சரிங்க ஃபாதர் என்று அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஒருத்தன் எதிர்த்துப் பேசினால் மாற்றலாம். தலையாட்டுகிறவனை என்ன செய்வது?

வியாழக்கிழமை பாதம் கழுவும் சடங்கு முடிந்ததிலிருந்து அவன் வாயில் எச்சிலைத் தவிர எதுவும் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்தபோது உதடு வெடித்திருந்தது. அன்றைக்கு அடித்த வெயிலில் மாடுகளே நிழலை விட்டு எழவில்லை. இயேசுவின் அங்கியை அவனுக்கு மாட்டிவிடும்போது ஏஞ்சலின் கடைசியாக ஒருமுறை கெஞ்சினாள். இந்த வருஷம் வேறு யாராவது சுமக்கட்டும் என்றாள்.

"வேண்டிக்கிட்டது நான். வேற ஆளு சுமந்தா எப்பிடிப் புள்ள அது சேரும்?"

எங்கள் சிலுவை, நாடகத்துக்குச் செய்த அட்டைச் சிலுவை அல்ல. முழு வேப்பமரம். கீழே மாதா சிலை இருக்கும் கெபியிலிருந்து பாறைமேட்டுக்கு ஏறும் பாதையில் ஊரே பின்னால் பாடிக்கொண்டு போனது. மைக்கில் மரியசூசை ஒவ்வொரு நிலையாக வாசித்தார். முதல்முறை விழ வேண்டிய இடத்தில் விக்டர் விழுந்தான், எழுந்தான். சேவகர் வேஷம் போட்டவர்கள் கயிற்றால் முதுகில் அடிப்பதுபோல் அடித்தார்கள். மாதாவைச் சந்தித்தான். சீமோன் வேஷக்காரன் வந்து தோள் கொடுத்தான்.

அதற்கு அடுத்த நிலையில் ஒரு பெண் முகம் துடைக்க வேண்டும். துணியோடு அவள் காத்திருந்தாள். அவளுக்குப் பத்தடி முன்னாலேயே விக்டர் விழுந்தான்.

அங்கே விழுகிற கட்டம் கிடையாது. மரியசூசை புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அவசரத்தில் இரண்டாம் முறை விழுகிற ஜெபத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார். சேவகர்களும் வழக்கம்போலக் கயிற்றை ஓங்கினார்கள். பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். போன வருஷத்தைவிடத் தத்ரூபமாக விழுகிறான் என்று என் பக்கத்தில் ஒருவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாட்டு நிற்கவில்லை.

ஏஞ்சலின் மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். சேவகனைத் தள்ளிவிட்டு, விக்டர் மேல் கிடந்த மரத்தைப் புரட்டினாள். அவள் போட்ட கூச்சலில் பாட்டு ஒவ்வொரு குரலாக அறுந்தது. தண்ணீர், தண்ணீர் என்று எல்லாரும் கத்தினார்கள். தண்ணீர் வண்டி கீழே கெபியிடம் நின்றது. ஒருத்தன் அதற்காக இறங்கி ஓடினான். அதற்குள் மரியசூசை மைக்கைப் போட்டுவிட்டுச் சறுக்கிக்கொண்டு வந்தார். வாலிபன் எவனோ இடுப்பில் செருகி வைத்திருந்த சிவப்பு பாட்டிலைப் பிடுங்கி, மூடியைத் திருகி, விக்டரின் வாயில் வைத்தார்.

"குடிடா சாமி. பல்லுல படாதது எதுவும் சாப்பாடு இல்லடா. நான் சொல்றன், குடி."

விக்டர் பல்லை இறுகக் கடித்திருந்தான். சிவப்புத் தண்ணீர் பல்லில் பட்டு, தாடியில் வழிந்து, வெள்ளை அங்கியை நனைத்தது. ஏற்கெனவே பூசியிருந்த சாயத்தோடு அது கலந்துபோனது. ஏஞ்சலின் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மடக்கு குடியுங்கள், எனக்காகக் குடியுங்கள் என்று கதறினாள். எதைக் குடிக்கக் கூடாது என்று ஊர் நடுவில் நிரூபித்தாளோ அதையே இப்போது இரண்டு கையாலும் ஏந்தினாள்.

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். பற்களைப் பிரிக்காமலே பேசினான்.

"சாப்பாடுன்னு நீதான சொன்ன."

கீழேயிருந்து தண்ணீர்க் குடத்தோடு ஆள் ஏறி வரும் சத்தம் கேட்டது. ஏஞ்சலின் பாட்டிலைக் கீழே போட்டாள். அது பாறையில் உருண்டு போனது. அவள் அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். துடிப்பு ஓடியது, ஓடியது, நடுவில் ஒன்றைக் காணோம். அன்றைக்குப் போல இரண்டாகச் சேர்ந்து வரும் என்று அவள் கையை எடுக்காமல் வைத்திருந்தாள். தண்ணீர் வந்து சேர்ந்த பிறகும் வைத்திருந்தாள்.